சம்பந்தி வீட்டுக் கோட்டை

ஆவணி பிறந்த இரண்டாம் நாள் காலை ஆறேகாலுக்குத் திருவண்ணாமலை பேருந்து நிலையத்தில் சென்னை வண்டி ஏறினேன். எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூர். சென்னை வண்டி எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். ஆனாலும் அண்ணாமலையாரைக் கும்பிடாமல் கடல் தாண்டக் கூடாது என்று என் வீட்டுக்காரி சரசா சொல்லிவிட்டாள். அதனால் விடியலிலேயே எதிர்த்திசையில் வந்து, ராஜகோபுரத்துக்கு எதிரே சூடம் கொளுத்திவிட்டு, திரும்பவும் எங்கள் ஊர் வழியாகவே போகிற வண்டியில் உட்கார்ந்தேன்.

ஜன்னல் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடித்துக் கொடுத்தவன் சரசாவின் தம்பி குமரேசன். ஊரில் மொபைல் கடை வைத்திருக்கிறான்.

"மாமா, கோட்டையில யானை கட்டியிருக்காங்களான்னு பாருங்க. இருந்தா ஒரு போட்டோ அனுப்புங்க, கடையில பெருசா மாட்டிடறேன்."

"டேய், அவரே பயந்துகினு உக்காந்துகினு இருக்காரு. சும்மா இருடா" என்று தம்பியை அடக்கிவிட்டுச் சரசா ஜன்னலுக்குள் தலையை நுழைத்தாள். "ஏங்க, சொன்னது ஞாபகம் இருக்குதா? மனசுக்குப் புடிச்சாதான் அங்க கை நனைக்கணும். தண்ணி குடிக்கலாம். காபி வேணாம்."

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறவர்கள் அந்த வீட்டில் சாப்பிட மாட்டார்கள். இலையில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் சம்மதம் சொல்லியாயிற்று என்று அர்த்தம். பிடிக்கவில்லை என்றால் தண்ணீரோடு எழுந்து வந்துவிடலாம், யாருக்கும் மனக்கசப்பு இல்லை. வாயைத் திறந்து சரி, வேண்டாம் என்று சொல்ல வேண்டிய சங்கடமும் இல்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் பேச வராத என்னைப் போன்ற ஆளுக்கு இது பெரிய சௌகரியம்.

நான் பார்க்கப் போகிற வீடுதான் கொஞ்சம் தூரத்தில் இருந்தது. எங்கள் ஒரே மகள் வெண்ணிலா பிரான்சு தேசத்தில் கிளெர்மோன் என்ற ஊரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறாள். கூட வேலை செய்யும் லூக் என்ற பையனைக் கட்டிக்கொள்ளட்டுமா என்று போன தை மாதம் கேட்டாள். "நீ வந்து அவங்க வீட்டைப் பாரு நைனா. நீ வேணாம்னா நான் பண்ணிக்க மாட்டேன்" என்றாள். அவள் அனுப்பிய போட்டோவில் பையனுக்குப் பின்னால் ஒரு கல் கோபுரம் தெரிந்தது. அது யார் இடம் என்று குமரேசன் கேட்டிருக்கிறான். "அவங்க இடம்தான் மாமா. பழைய கோட்டை" என்று அவளும் சொல்லியிருக்கிறாள்.

அவ்வளவுதான். ஒரே வாரத்தில் கீழ்பென்னாத்தூர் முழுக்க நாங்கள் அரண்மனைச் சம்பந்தி ஆகிவிட்டோம். என்ன ஜனம், என்ன வகையறா என்று நோண்டிக் கேட்க வந்த சொந்தக்காரர்களைக்கூட, "ராஜா வீட்டு ஆளுங்க" என்று ஒரே வார்த்தையில் குமரேசன் அனுப்பிவிட்டான். ராஜா என்றதும் யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

வண்டி எங்கள் ஊரைத் தாண்டி, செஞ்சியைத் தொட்டபோது வெயில் ஏறியிருந்தது. ராஜகிரி மலைமேல் கோட்டைச் சுவர் மஞ்சளாக மின்னியது. இந்தக் கோட்டையை ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து வைத்திருந்தார்கள் என்று அஞ்சாம் வகுப்பில் வாத்தியார் சொன்னது நினைவு வந்தது. நான் படித்தது அந்த அஞ்சாம் வகுப்பு வரைதான். அவர்கள் அங்கிருந்து கிளம்பி எங்கள் கோட்டைக்கு வந்தார்கள், நான் இங்கிருந்து கிளம்பி அவர்கள் கோட்டைக்குப் போகிறேன் என்று நினைத்தபோது, ஐம்பத்து மூன்று வயதில் எனக்குச் சின்னப் பையன் மாதிரி குதூகலம் வந்துவிட்டது. பக்கத்து சீட்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன் போல.

விமானத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது பாண்டிச்சேரிக்கார அம்மா ஒருவர். பாரிசில் மகன் வீட்டுக்கு வருஷம் தவறாமல் போகிறவராம். நான் இடுப்புப் பட்டையோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து அவரே மாட்டிவிட்டார்.

"மொத தடவையா தம்பி? பயப்படாதீங்க. அந்த ஜனங்க நல்ல ஜனங்க. ஒண்ணே ஒண்ணு. சாப்பிட உக்காருன்னு சொன்னா வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க. நம்மளையே வேணாம்னு சொல்லிட்டாப்ல எடுத்துப்பாங்க."

சரசா சொன்னதும் இவர் சொன்னதும் சேர்ந்து எனக்குக் காது அடைத்துக்கொண்டது. அது விமானம் மேலே ஏறியதாலும் இருக்கலாம்.

துபாயில் இறங்கி ஏறி, பாரிசில் இறங்கினேன். வெண்ணிலா கூட்டத்தில் எட்டிப் பார்த்துக் கையாட்டியதும் பாதி உயிர் வந்தது. அங்கிருந்து ரயில். கிளெர்மோனுக்கு நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம், ஆளுக்கு நாற்பத்தொரு யூரோ. நம்ம பணத்தில் நாலாயிரத்துக்கு மேல். ஆனால் அந்த ஜன்னலுக்கே அதைக் கொடுக்கலாம்! கண்ணுக்கெட்டிய வரை சூரியகாந்தி. அறுத்துச் சுருட்டி வைத்த வைக்கோல், ஆள் உயரத்துக்கு உருளை உருளையாகக் கிடந்தது. வெள்ளை மாடுகள் கயிறு இல்லாமல், மேய்க்கிற ஆள் இல்லாமல் தாமாக மேய்ந்தன. வேலியில் முள் இருக்கிறதா என்று ஒவ்வொரு வயலாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். எங்கள் மல்லாட்டைக் கொல்லையில் இந்நேரம் சரசா களை எடுக்க ஆள் தேடிக்கொண்டிருப்பாள். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். வறுத்த மல்லாட்டை இரண்டு கிலோ என் பையில் இருந்தது, சம்பந்தி வீட்டுக்காக.

கிளெர்மோன் நிலையத்தில் லூக் காரோடு நின்றிருந்தான். ஒல்லியான, உயரமான பையன். இரண்டு கையையும் கூப்பி, "வணக்கம் மாமா" என்றான். காது மட்டும் சிவந்திருந்தது. நானும் கை கூப்பி, "ம்" என்றேன்.

ஊரின் பெயர் மோந்தலூ. கிளெர்மோனிலிருந்து ஐம்பத்து நாலு கிலோமீட்டர். வழியெல்லாம் பச்சை மலைகள், தலையை வெட்டியது போல உச்சி தட்டையாக.

"இதெல்லாம் நெருப்பு கக்கின மலை நைனா. அணைஞ்சி ரொம்ப காலம் ஆயிடுச்சி" என்றாள் வெண்ணிலா.

நெருப்பாக நின்றவர்தான் மலையாகக் குளிர்ந்தார் என்று கேட்டு வளர்ந்தவன் நான். இங்கே அப்படிப்பட்ட மலைகள் வரிசையாக நின்றன. "இதைச் சுத்தி வர்ற பாதை இருக்குதா?" என்று கேட்டேன். லூக்கிடம் கேட்டுவிட்டு அவள் சிரித்தாள். "மாட்டுப் பாதை இருக்குதாம்."

ஒரு வளைவு திரும்பியதும் லூக் வண்டியை நிறுத்தினான். எதிரே கறுப்புப் பாறைக் குன்று. உச்சியில் கோட்டை. வட்டமான கோபுரம் ஒன்று வானத்தில் குத்தி நின்றது. பக்கத்தில் இன்னொன்று, பாதியில் முறிந்தது. நடுவில் நீளச் சுவர், அதில் ஜன்னல்கள். ஜன்னல் வழியாக அந்தப் பக்கத்து வானம் தெரிந்தது.

"கூரை எங்கம்மா?"

"கூரையா? அது போயி முந்நூறு வருஷத்துக்கு மேல ஆவுது நைனா."

"அப்போ உள்ள யார் இருக்கறாங்க?"

"மாடுங்க."

கோட்டை லூக் குடும்பத்துடையதுதான். அதில் பொய் இல்லை. அவனுடைய கொள்ளுத்தாத்தா மேய்ச்சலுக்காகக் குன்றை வாங்கியபோது, குன்றின் மேல் கோட்டையும் இருந்தது. யாருக்கும் வேண்டாததால் அதற்கென்று தனி விலை இல்லையாம்! குமரேசன் முகத்தை நினைத்துப் பார்த்தேன். ரோட்டோரத்தில் நின்று கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். லூக்கும் ஏன் என்று தெரியாமலே சிரித்தான்.

நானும் வெண்ணிலாவும் தங்க ஊருக்குள் சின்ன வாடகை அறை எடுத்திருந்தாள். குக்கரும் அரிசியும் ரசப்பொடியும் கொண்டுவந்திருந்தாள். சாயங்காலம் ஏழு மணிக்கு, நம் ஊர் நாலு மணி வெயில் அடிக்கும்போது, சம்பந்தி வீட்டுக்குப் போனோம்.

கறுப்புக் கல் வீடு. ஒட்டினாற்போல மாட்டுக் கொட்டகை. லூக்கின் அம்மா மரி, வாசலிலேயே நின்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. அப்பா ஜெரார் அவருக்கு நேர்மாறு. பெரிய உடம்பு, பெரிய கை, என்னைவிடக் கூச்ச சுபாவம். நாங்கள் இருவரும் கைகுலுக்கிவிட்டு, இருவருமே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மேசை நிறையச் சாப்பாடு. மாட்டுக்கறி வேண்டாம் என்று மகள் முன்பே சொல்லியிருந்ததால் கோழி, உருளைக்கிழங்கு, அவர்கள் வீட்டிலேயே செய்த பாற்கட்டி, ரொட்டி. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். தண்ணீர் மட்டும் குடித்தேன்.

"விரதம்னு சொல்லும்மா" என்றேன் வெண்ணிலாவிடம்.

"இன்னா விரதம்?"

"ஆவணி விரதம்."

"அப்படி ஒண்ணு கெடையாதே நைனா" என்றாள், சிரித்த முகத்தை மாற்றாமல். ஆனாலும் சொன்னாள். மரி அம்மா நெஞ்சில் கை வைத்து என்னைப் பெரிய சாமியாரைப் பார்ப்பது போலப் பார்த்தார். ஜெரார் என் தட்டைப் பார்த்தார். பிறகு தன் தட்டிலும் கொஞ்சமாகவே போட்டுக்கொண்டார்.

அறைக்குத் திரும்பும் வழியில் வெண்ணிலா நின்றாள். "கை நனைக்காம இருக்கற. அதான?"

நான் தலையாட்டினேன்.

"சரி. நீ பாத்துட்டு சொல்லு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவள் வேறு எதையும் சொல்லாததுதான் எனக்குக் கனமாக இருந்தது. பையனிடம் குறை ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பெண்ணைக் கொடுத்த ஊரில் அவளுக்கு ஒரு தலைவலி என்றால், பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரும் தூரத்தில் இருக்க வேண்டாமா? இங்கே எந்த பஸ்ஸில் ஏறுவேன்?

மறுநாள் சனிக்கிழமை. விடியலில் தனியாகக் குன்றைச் சுற்றக் கிளம்பினேன். மலை வலது கைப்பக்கம் இருக்கும்படி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு. புல்லில் பனி, காலெல்லாம் சில்லென்று ஏறியது. கொஞ்ச தூரத்தில் ஜெரார் பால் கறந்துவிட்டு வந்துகொண்டிருந்தார். என் வெறுங்காலைப் பார்த்தார். தானும் என்கூட நடக்க ஆரம்பித்தார். பாஷை இல்லாததால் பேச வேண்டிய கட்டாயமே இல்லை. ஆஹா, அப்படி நிம்மதியாக இன்னொரு மனிதரோடு நான் நடந்ததே இல்லை! அவர் கழியால் அகழியைக் காட்டுவார், நான் தலையாட்டுவேன். நான் ஒரு பூச்செடியைக் காட்டுவேன், அவர் பெயர் சொல்வார்.

சுற்றி முடித்துக் கோட்டைக்குள் ஏறினோம். முற்றத்தில் ஒரு பிளம் மரம், அடியெல்லாம் நீலமாகப் பழம். ஜெரார் மாட்டைப் பார்க்கப் போனதும் ஒன்றை எடுத்துத் துடைத்து வாயில் போட்டுவிட்டேன். தேன்! இன்னொன்று. நாலாவது பழத்தில்தான் உறைத்தது. மரம் சம்பந்தி வீட்டு மரம்.

ஓர் இடிந்த சுவரின் மேல் உட்கார்ந்து சரசாவுக்குப் போன் போட்டேன்.

"பழம் சாப்பிட்டுட்டேன். அவங்க மரத்துது."

"அய்யய்யோ. வீட்டுக்குள்ளயா?"

"கோட்டைக்குள்ள."

"கூரைக்கு அடியிலயா?"

"கூரையே இல்லடி."

கொஞ்சம் யோசித்தாள். "கை கழுவினீங்களா?"

"இல்ல. வேட்டியில தொடச்சிக்கினேன்."

"கை நனையல இல்ல? அப்ப கணக்குல வராது." பிறகு குரலைத் தாழ்த்தி, "பழம் எப்படி இருந்தது?" என்றாள்.

அன்று முழுக்க ஊரைச் சுற்றினேன். கோட்டையின் சரித்திரத்தை நான் முதலில் தெரிந்துகொண்டது கோட்டையில் இல்லை, தெருவில். ராஜாக்கள் ஒழிந்த காலத்தில் ஊர் ஜனங்கள் மேலே ஏறி, கல்லைப் பெயர்த்து வண்டி வண்டியாகக் கீழே கொண்டுவந்து வீடு கட்டியிருக்கிறார்கள். இதை லூக் சொன்னதும் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. தெருத் தெருவாகப் போய்த் தேடினேன். ஒரு கோழிக்கூண்டுக்கு வாசற்படியாகச் செதுக்கிய தூணின் துண்டு. தபால் நிலையத்துச் சுவரில் அம்பு விடுகிற கீறல் ஜன்னல், அதில் ஒரு செடிச்சட்டி. "இதோ கோட்டைக் கல்! இதோ இன்னொண்ணு!" என்று நான் காட்டக் காட்ட லூக் ஓடி ஓடி வந்தான். அவன் பார்த்திராத ஒன்றைக்கூடக் கண்டுபிடித்தோம். பொதுக் குழாயடியில் துணி துவைக்கும் கல்லின் அடிப்பக்கம் முழுக்கப் பூவேலை.

எல்லாவற்றிலும் பெரியதை ஜெரார் காட்டினார். சாயங்காலம் என் தோளைத் தொட்டுக் கொட்டகைக்குள் அழைத்துப் போனார். மாடுகள் தின்னும் நீளத் தொட்டி, ஒரே கல். கோட்டை வாசலுக்கு மேலே இருந்த உத்தரக் கல்லாம். நடுவில் பிரபு வம்சத்தின் சின்னம், கேடயத்தில் நிற்கிற சிங்கம். தலைமுறை தலைமுறையாக மாடுகள் நக்கி நக்கிச் சிங்கத்துக்கு முகமே இல்லை! மழமழவென்று இருந்தது. நான் அதைத் தடவிப் பார்த்தபோது ஒரு மாடு என் கையையும் நக்கியது. ஜெரார் முதல் தடவையாகச் சத்தமாகச் சிரித்தார். அவர் நீட்டிய பால் குவளையை மட்டும் நான் வாங்கவில்லை. சிரிப்பு அவர் முகத்தில் மெல்ல அடங்கியதைப் பார்த்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மரி அம்மா கோட்டையைச் சுற்றிக் காட்டினார். ஊர்க்காரர்கள் சங்கம் வைத்துக் கோடைக்குக் கோடை முட்புதர் வெட்டிச் சுத்தம் செய்கிறார்கள். வந்தவர்களுக்குக் கதை சொல்வது அவர் வேலை. அன்று வந்திருந்தது நாங்கள் மட்டும்தான். ஆனாலும் ஆயிரம் பேருக்குச் சொல்வது போலக் கையை வீசிச் சொன்னார். வெண்ணிலா தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

முதலில் இங்கே மரத்தால் ஒரு காவல் கோபுரம் இருந்ததாம். பிறகு குன்றிலேயே வெட்டிய கறுப்புக் கல்லால் கட்டினார்கள். ஆங்கிலேயரோடு நூறு வருஷத்துக்கும் மேல் நடந்த சண்டையில் சுவரை இன்னும் தடிப்பாக்கினார்கள். சுவர்மேல் நான் படுத்துப் பார்த்தேன், தலையும் காலும் உள்ளேயே அடங்கின. மூன்றாம் மாடியில் ஓர் அடுப்பு, புகைபோக்கியோடு, சுவரில் அந்தரத்தில் தொங்கியது. தளம் மரம் என்பதால் போய்விட்டது, அடுப்பு கல் என்பதால் நிற்கிறது. "அங்க யாரு சமைப்பாங்க?" என்று கேட்டேன். "புறாங்க" என்றார் மரி அம்மா.

பிறகு ஒரு ராஜா காலத்தில், பிரபுக்கள் தன்னை எதிர்த்துக் கோட்டைக்குள் ஒளியக் கூடாது என்று கோபுரங்களின் தலையை வெட்ட உத்தரவு வந்தது. முறிந்த கோபுரம் இடியால் முறிந்ததல்ல, உத்தரவால் முறிந்தது. தலை போன கோட்டையில் இருக்கப் பிடிக்காமல் பிரபு நகரத்துக்குப் போய்விட்டார். மழை உள்ளே வந்தது.

"எங்க ஊர்ப் பக்கத்துக் கோட்டையில உங்க ஆளுங்க இருந்தாங்கன்னு சொல்லும்மா" என்றேன். செஞ்சியைப் பற்றிக் கேட்டதும் மரி அம்மாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "இன்னா பண்ணாங்க அங்க?" என்று கேட்டார். "இங்கிலீஷ்காரங்க கிட்ட வுட்டுட்டுப் போயிட்டாங்க" என்றேன். அப்படியே சொல்லலாமா என்று வெண்ணிலா தயங்கினாள். சொன்னதும் மரி அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

"இவங்க முன்னோருங்க இதுல எந்த ரூம்புல இருந்தாங்களாம்?" என்று கேட்டேன்.

மரி அம்மா கோட்டையின் எந்த அறையையும் காட்டவில்லை. சுவருக்கு வெளியே, கீழே, ஒரு குட்டையைக் காட்டினார். மழைக்காலத்தில் அதில் தவளை கத்தும். பிரபுவின் தூக்கம் கெடாமல் இருக்க, ஊர்க் குடியானவர்கள் முறை வைத்து வந்து கழியால் தண்ணீரை அடித்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். ஜெராரின் முன்னோர் தவளை அடித்தவர்கள் என்று அவர்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ஜெரார் வெட்கமே இல்லாமல், பெருமையாக, கையில் இருந்த கழியை ஓங்கி ஓங்கி அடித்துக் காட்டினார்.

ராஜா வீட்டு ஆளுங்களாம்! எனக்கு அந்த நிமிஷம் வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது? எங்கள் தாத்தா ஜமீன் மாட்டுக்குப் புல் அறுத்தவர். யாரை நினைத்து இத்தனை நாளாகப் பயந்திருந்தேனோ அந்த ராஜா யாரும் இங்கே இல்லை.

கடைசியாக வெளி வாசலுக்கு வந்தோம். வளைவு மட்டும் நிற்கிறது, கதவு இல்லை. மரி அம்மா வளைவுக்கு வெளியே போய் நின்று, தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். வெண்ணிலா சொல்ல ஆரம்பித்தாள்.

"ஒரு குடியானவன், தன் பொண்ணை இந்தப் பிரபுவோட நெலத்துக்கு வெளிய வேற ஊர்ல கட்டிக் குடுக்கணும்னா, தொப்பியைக் கழட்டிகினு இங்க வந்து நிக்கணுமாம். கோட்டைக்காரன் சரின்னு சொல்லணும். அதுக்குக் கட்டணமும் கட்டணும். சில பேரை..." அவள் நிறுத்தினாள். "சில பேரை நாள் பூரா நிக்க வச்சிட்டு, நாளைக்கு வான்னு அனுப்பிடுவாங்களாம். அந்தப் பொண்ணு கீழ ஊர்ல காத்துகினு இருக்கும்."

சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. வளைவின் கல்லைப் பார்த்துச் சொன்னாள். எல்லோரும் வளைவுக்கு வெளியே நின்றிருந்தார்கள். நான் மட்டும் உள்ளே நின்றிருந்தேன். மூன்று நாளாக அவளை எங்கே நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நடந்து வெளியே வந்தேன்.

"வெண்ணிலா, பசிக்குதும்மா."

"ரூமுக்குப் போலாமா? ரசம் வச்சிருக்கேன்."

"வேணாம். அந்தக் கூடையில இன்னா இருக்குது?"

மரி அம்மா மதியத்துக்குக் கொண்டுவந்த கூடை அது. ரொட்டி, பாற்கட்டி, முட்டை, தக்காளி.

"நைனா..."

"மொதல்ல கை கழுவத் தண்ணி ஊத்தச் சொல்லு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். லூக்கைப் பெற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. லூக்குக்குப் புரிந்தது, அவளிடம் கேட்டுத் தெரிந்து வைத்திருந்தான் போல, கூடையில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திறக்கத் தெரியாமல் தடுமாறினான். ஜெரார் அதை வாங்கிக் குனிந்து, என் இரண்டு கையிலும் தண்ணீர் ஊற்றினார். கோட்டைச் சுவர் நிழலில் புல்மேல் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்தேன். பாற்கட்டி நாற்றமாகத்தான் இருந்தது. இரண்டாம் துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

விஷயத்தைக் கேட்டதும் மரி அம்மாவுக்கு ஒரே நேரத்தில் அழுகையும் கோபமும். மூன்று நாளாக என்னைப் பட்டினி போட்டுவிட்டதாகச் சொல்லிச் சொல்லி, முட்டை மேல் முட்டையாக உரித்து வைத்தார். நான் பையிலிருந்து மல்லாட்டையை எடுத்துக் கொட்டினேன். ஜெரார் கை நிறைய அள்ளினார்.

செவ்வாய்க்கிழமை காலை கிளெர்மோன் நிலையத்துக்கு எல்லோரும் வந்தார்கள். ரயிலுக்குக் காத்திருந்தபோது செஞ்சி நினைவு வந்தது. அந்தக் கோட்டைக்குக் கம்பி வேலி, வாசலில் டிக்கெட். ஏறிப் பார்த்து இறங்கி வீட்டுக்குப் போகிறோம். மோந்தலூவில் வீடெல்லாம் கோட்டைக் கல் என்பதால், வீட்டுக்குப் போனாலும் கோட்டைக்குள்தான் போகிறார்கள். கோழி அதன் வழியாக நுழைகிறது, மாடு அதில் தின்கிறது. இனிமேல் என் மகளும் அந்தக் கல்லை மிதித்துத்தான் சமையல்கட்டுக்குப் போவாள். தூரம் குறையவில்லை, நாலாயிரம் ரூபாய் ரயிலும் இரண்டு விமானமும் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் அவள் இருக்கும் இடத்தில் எந்தத் தெரு எங்கே திரும்பும், எந்த மரத்துப் பழம் இனிக்கும் என்று எனக்குத் தெரியும்.

ரயில் வந்து நின்றது. ஜெரார் லூக்கின் காதில் ஏதோ சொன்னார். லூக் வெண்ணிலாவிடம் சொன்னான். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நைனா, தையில அவங்க நம்ம வீடு பாக்க வரும்போது, அவங்களும் சாப்பிடாம இருக்கணுமான்னு கேக்கறாரு. இப்பவே பழகணுமான்றாரு."

பிளாட்பாரத்தில் நிறைய ஜனம் இருந்தது. அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, நானே அவரைப் பார்த்துத் தமிழில் சத்தமாகச் சொன்னேன்.

"பசியோட வாங்க!"